சொப்பனத்தில் விழித்திருப்பது தகுமா?



"சுவாமி, சொப்பனம் காணும்போதே ஒருவனுக்கு 'இது சொப்பனம்' என்று தெரிந்துவிட்டால், அதற்குப்பின் அவன் அதில் செய்வதெல்லாம் அவன் செய்ததாகுமா?"

சில மாதங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு வாலிபன் அறைவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் கேட்ட கேள்வி இது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல, அங்கே கேட்டிருந்தால் இந்தத் தாளில் ஓர் எழுத்தும் வந்திராது. அவனுடைய சம்மதத்தின் பேரிலேயே எழுதுகிறேன். அவன் யாரென்று யூகிக்கப் புறப்படுகிறவர்கள் அந்த நேரத்தைத் தயவுசெய்து ஜெபமாலைக்குச் செலவழிக்கட்டும்.

அவன் கல்லூரி மாணவன். விடியற்காலை மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போய், இருட்டிய பின் திரும்புகிறவன். அவனுடைய தாயார் நகரிப் பக்கத்தில் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு பேசுவார். இது நம் ஊரில் புதுமையல்லவே! 1960-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேரும் வரையில், நாமே ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தோம். எல்லைக்கோடு இடம் மாறிற்று. அடுப்படிப் பேச்சு மாறவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் காலை, சாப்பாட்டு டப்பாவைப்பற்றித் தாய்க்கும் மகனுக்கும் ஒரு சிறு சச்சரவு. ரயிலுக்கு நேரமாகிவிட்ட ஆத்திரத்தில், "உன் சோறு யாருக்கு வேண்டும்?" என்று சொல்லிவிட்டு, டப்பாவை எடுக்காமலே ஓடினான். மாலையில் அவன் திரும்பியபோது வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. மாரடைப்பு. ஆக, தாயின் காதில் மகன் போட்ட கடைசி வார்த்தை அதுவாகிவிட்டது.

அதற்காக அவன் மன்னிப்புப் பெறவில்லையா என்று கேட்பீர்கள். பெற்றதாக அவனே சொன்னான். சர்வேசுரன் மன்னித்தார் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. "அம்மாவிடம் நான் சொல்லவில்லையே சுவாமி" என்பதுதான் அவனுடைய துயரம்.

தாயார் அடிக்கடி சொப்பனத்தில் வருகிறாராம். அடுப்பண்டை நின்று, "தின்னாவா நாயனா?" என்று கேட்கிறாராம். அவனும் அவர் இறந்துபோனதை மறந்து, ரயில் தாமதத்தைப் பற்றியோ பரீட்சையைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பானாம். விழித்த பிறகு தலையில் அடித்துக்கொள்வானாம். "அம்மா எதிரே நிற்கும்போது சொல்லவேண்டியது ஞாபகம் வருவதில்லை, ஞாபகம் வரும்போது அம்மா இல்லை" என்றான்.

இதற்கு வழி தேடிப் போனில் எதையோ வாசித்து, ஒரு பயிற்சி தொடங்கியிருந்தான். மணிக்கட்டில் மையால் ஒரு புள்ளி. அது கண்ணில் படும்போதெல்லாம், "நான் விழித்திருக்கிறேனா, சொப்பனம் காண்கிறேனா?" என்று தன்னையே கேட்பது, கைவிரல்களை எண்ணுவது, ஸ்டேஷன் பலகையை ஒருமுறை வாசித்து, கண்ணைத் திருப்பி, மறுபடி வாசிப்பது. சொப்பனத்தில் விரல் கூடலாம், குறையலாம். எழுத்து அடிக்கடி மாறிப்போகும். பகலில் இப்படிச் சோதித்துப் பழகியவன் அந்தப் பழக்கத்தால் சொப்பனத்திலும் ஒருநாள் சோதிப்பான், அப்போது உண்மை தெரிந்துவிடும் என்பது கணக்கு. தெரிந்துவிட்டால், அம்மாவிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம்.

இது போனில் பிறந்த புதுப் பைத்தியம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு வருஷங்களுக்கு மேல் முன்பே அரிஸ்டாட்டில் என்னும் கிரேக்க சாஸ்திரி, தூங்குகிறவனுக்குள்ளேயே ஏதோ ஒன்று 'இது சொப்பனம்' என்று சொல்வதுண்டு என எழுதிவைத்தார். நம் அண்டை வீட்டாருடைய சாஸ்திரங்களும் இதைக் கவனிக்காமல் விடவில்லை. நனவு, கனவு, உறக்கம், அதற்கும் அப்பாற்பட்ட ஒரு நிலை என மாண்டூக்கிய உபநிஷதம் பிரித்துப் பேசுகிறது; 1888-ல் இதே திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அதற்கு இங்கிலீஷில் உரை எழுதினார். 1913-ல் ஹாலந்து தேசத்து வைத்தியரான வான் ஏடன் என்பவர், அறிவு தெளிந்திருக்கும் இவ்வகைச் சொப்பனங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1975-ல் இங்கிலாந்தில் ஹல் சர்வகலாசாலையில் ஹெர்ன் என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கருவியால் நிரூபித்தார். சொப்பனம் காணும்போது கைகால்கள் அசையாமல் கட்டுண்டு கிடக்கும்; கண்விழிகள் மட்டும் இமைக்குள் அசையும். தூங்கும் ஆள், சொப்பனமென்று தெரிந்தவுடன், முன்னரே பேசிவைத்தபடி விழிகளை இடதும் வலதுமாக அசைத்துச் சாடை காட்டினார். கருவி அதைத் தாளில் கோடாக எழுதிற்று. சில வருஷங்களுக்குள் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் லபெர்ஜ் என்பவரும் தனியாக இதையே செய்து காட்டினார்.

நமக்கு அதிக நெருக்கமான சாட்சி அர்ச். அகுஸ்தீனார். சுமார் 415-ம் வருஷம் ஏவோதியுஸ் என்னும் மேற்றிராணியாருக்கு அவர் எழுதிய கடிதமொன்று இருக்கிறது. ஏவோதியுசுக்கு எழுத்துவேலையில் உதவிவந்த ஒரு நல்ல வாலிபன் இறந்துபோனான். அந்தத் துக்கத்தில் மேற்றிராணியார், மரித்த ஆத்துமம் எங்கே, எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். அகுஸ்தீனார் பதிலாக ஒரு வைத்தியரின் கதையைச் சொல்கிறார். ஜென்னாதியுஸ் என்பது அவர் பெயர், ரோமாபுரியில் பேர்பெற்றுப் பின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்தவர், ஏழைகள்மேல் இரக்கமுள்ளவர். ஆனால் வாலிபத்தில் மறுமை உண்டா இல்லையா என்ற சந்தேகம் அவரை விடவில்லை. ஓர் இரவு அழகிய வாலிபன் ஒருவன் சொப்பனத்தில் தோன்றி, ஒரு பட்டணத்துக்கு அவரை அழைத்துப்போய் இனிய கீதங்களைக் கேட்கச் செய்தான். இன்னோர் இரவும் வந்தான். முன்பு என்னை எங்கே கண்டீர், விழிப்பிலா தூக்கத்திலா என்று விசாரித்தான். தூக்கத்தில் என்றார். சரி, இப்போதும் தூக்கத்தில்தான் காண்கிறீர், உம்முடைய சரீரம் எங்கே என்றான். படுக்கையில் என்றார். சரீரத்தின் கண்கள் மூடிக்கிடக்க, என்னைப் பார்க்கிற கண்கள் எவை என்றான். வைத்தியருக்குப் பதில் வரவில்லை. இந்தக் கண்கள் மூடியிருக்கும்போதே நீர் காண்பதுபோல, இவை சாவில் மூடியபின்பும் நீர் உயிரோடிருப்பீர், இனிச் சந்தேகப்படாதேயும் என்று சொல்லி அவன் மறைந்தான்.

'இப்போது உம்முடைய சரீரம் எங்கே?' நம்முடைய வாலிபன் மணிக்கட்டுப் புள்ளியைப் பார்த்துக் கேட்கும் கேள்வியும் ஏறக்குறைய இதுதானே!

நானும் மூன்று வாரம் அந்தப் பயிற்சியைச் செய்து பார்த்தேன். ஒரு காரியத்தைத் தெரிந்துகொள்ளாமல் புத்தி சொல்லக் கூடாதென்று எங்கள் குருமடத்துப் பேராசிரியர் ஒருவர் அடிக்கடி சொல்வார். மூன்றாவது வாரத்தில், பூசைப் பீடத்தில் நின்று பிரசங்கத்தை மறந்துபோனதாக ஒரு சொப்பனம். (குருக்களில் பலருக்கு இது வரும், விசுவாசிகளுக்கு ஏன் வருவதில்லை என்று தெரியவில்லை.) அந்தக் கலக்கத்திலும் பழக்கம் கைகொடுத்தது, விரல்களை எண்ணினேன். பதினொன்று வந்தது. 'சரி, பதினொன்று இருக்கிறது' என்று திருப்தியடைந்து, மறுபடியும் பிரசங்கத்தைத் தேடத் தொடங்கினேன்!

விழித்ததும் சிரித்தேன். பிறகு அர்ச். தோமாஸ் அக்குயினாசின் நூலை எடுத்துப் பார்த்தேன். தூக்கத்தில் சில வேளை புத்தி ஓரளவு கட்டவிழ்கிறது, அப்போது மனிதன் தான் காண்பது சொப்பனமென்றும் உண்மைப் பொருள் வேறு, அதன் சாயல் வேறு என்றும் தீர்ப்புச் செய்வதுண்டு என்று எழுதுகிறார். உடனே இன்னொன்றும் சொல்கிறார்: தூக்கத்தில் தர்க்கம் செய்கிறவன், விழித்ததும் எங்கோ ஓரிடத்தில் தவறியதைக் கண்டுகொள்வான். என் பதினோராவது விரல் அந்தத் தவறுதான். அகுஸ்தீனாருக்கும் ஒருமுறை அப்படி நேர்ந்தது. தாம் காண்பது சொப்பனமென்று தூக்கத்திலேயே தெரிந்துகொண்டவர், அந்தச் சொப்பனத்தில் நின்ற சிநேகிதனிடம், 'நாம் காண்பதெல்லாம் சொப்பனம்' என்று வாதாடி நிரூபிக்க முயன்றாராம். அந்தச் சிநேகிதனும் சொப்பனத்தின் பாகமே என்பது அவருக்குத் தோன்றவில்லை! அவ்வளவு பெரிய வேதபாரகருக்கே அப்படியானால், நம்முடைய மாணவன் தாயார் உயிரோடு எதிரே நிற்பதைக் கண்டும் சந்தேகிக்காமல் ரயில் தாமதத்தைப் பேசுவதில் வியப்பென்ன?

பழக்கம் போதாமல் போகிறது ஏன்? என் மூன்று வார அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். நாளைக்கு இருபது தடவை "இது சொப்பனமோ?" என்று கேட்டேன். ஆனால் ஒருதரமாவது அது சொப்பனமாக இருக்கக் கூடுமென்று நினைத்துக் கேட்கவில்லை. உதடு கேட்டது, கண் விரலைப் பார்த்தது, மனசு அன்றைய கணக்குப் புத்தகத்தில் இருந்தது. பகலில் தூங்கிக்கொண்டே கேட்ட கேள்வியை இரவிலும் தூங்கிக்கொண்டே கேட்டேன். வெறும் கேள்வியை மட்டும் நாள்தோறும் கேட்பதால் பெரிய பலன் கிடைப்பதில்லை என்று ஆராய்ச்சி செய்தவர்களும் கண்டிருக்கிறார்கள். சொப்பனத்திலிருந்து விழித்தவுடன் அதை நினைவுக்குக் கொண்டுவந்து, 'அடுத்த முறை சொப்பனம் காணும்போது, அது சொப்பனமென்று நினைவுகூர்வேன்' என்று தீர்மானம் செய்துகொண்டு மறுபடி தூங்குவதே லபெர்ஜ் கற்பித்த முறை.

இதை வாசித்தபோது எனக்குக் குருமட நாட்கள் ஞாபகம் வந்தன. அர்ச். இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகள் 1548-ல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற புத்தகம். அதில், படுத்துத் தூக்கம் வரும் வேளையில், ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லும் நேரத்துக்கு, நான் எத்தனை மணிக்கு எழவேண்டும், எதற்காக எழவேண்டும் என்று நினைக்கச் சொல்கிறார். இன்னுமொன்று கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட குற்றத்தைத் திருத்த விரும்புகிறவன், அதில் விழுந்த ஒவ்வொரு தடவையும், அருகில் இருப்பவர்களும் கவனியாதபடி, கையை நெஞ்சில் வைக்கவேண்டும். பிறகு ஆத்தும சோதனை செய்யும்போது, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோட்டின்மேல் ஒரு புள்ளியிட வேண்டும். கையும் புள்ளியும்! வாலிபனிடம் இதைச் சொன்னதும் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டான்.

டிசம்பர் 31-ந் தேதி இரவு, நாம் வருஷ முடிவு நன்றிப் பூசைக்குக் கூடும்போது, எதிரே மலையில் படித்திருவிழா நடக்கிறதைப் பார்த்திருக்கிறீர்கள். வருஷத்தின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள். ஒவ்வொரு படியிலும் நின்று கற்பூரம் ஏற்றுகிறார்கள். அவர்கள் வழிபாடு வேறு, நம் வழிபாடு வேறு. அதை நான் குழப்பவில்லை. ஆனாலும், 365 படியை ஏறிவிடுவது ஒன்று, ஒவ்வொரு படியிலும் நிற்பது வேறொன்று என்று அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்கிறேன். நம் கோவிலில் மூன்று வேளையும் திரிகால மணி அடிக்கிறது. எத்தனை பேர் நிற்கிறோம்? அடிக்கிறவரே ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு கயிற்றை இழுக்கக் கண்டிருக்கிறேன்.

இனி, அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டுமென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள். சாதாரணச் சொப்பனத்தில் அறிவும் சம்மதமும் கட்டுண்டு கிடப்பதால் அதில் நடப்பது பாவமல்ல. பகலில் வேண்டுமென்று எதை மனசில் போட்டு அசைபோட்டோமோ அதற்கு மட்டும் பகற்கணக்கில் உத்தரவாதம் உண்டு. இதைப் பற்றி வீணாகப் பயந்து வருகிற நல்ல ஆத்துமங்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவைக்கிறேன். அகுஸ்தீனாரும் 'அந்த வேளையில் நான் நானல்லவா, ஆண்டவரே?' என்ற கருத்தில் சர்வேசுரனையே கேட்டுக் கலங்கினார். பிறகு, விழித்ததும் மனச்சாட்சி அமைதியடைவதைக் கொண்டு, அது தன்னில் நடந்ததே தவிரத் தான் செய்ததல்ல என்று கண்டார்.

ஆனால் தெரிந்துகொண்டு காணும் சொப்பனம் அப்படியல்ல. எவ்வளவு அறிவு அங்கே விழித்திருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் சம்மதம் நம்முடையது. அரைகுறை விழிப்புக்கு அரைகுறைக் கணக்கு. அங்கே ஒருவனை அடித்தால் கொலைப் பழி வராது, அடிபட்டவன் யாருமில்லை. ஆனால் அடிக்க வேண்டுமென்று தெரிந்து விரும்பின மனசு நிஜமான மனசு. 'சொப்பனத்தில் எதையும் செய்யலாம், கேட்பாரில்லை' என்று ஆசைகாட்டி இந்த வித்தையைக் கற்பிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். விழிப்பைத் தேடிப் போகிறவன் விழிப்பின் சுமையையும் சேர்த்தே வாங்குகிறான் என்பதை அவர்கள் சொல்வதில்லை. இதற்காக நடுச்சாமத்தில் அலாரம் வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதும், எது நிஜம் எது தோற்றமென்று பகலிலேயே தடுமாறுகிற நோயுள்ளவர்கள் இதில் இறங்குவதும் கூடாது.

"அப்படியானால் அம்மாவைப் பார்ப்பதும் தப்பா சுவாமி?" என்றான்.

தப்பில்லை என்றேன். வேதாகமம் விலக்குவது, மரித்தவர்களை மந்திரத்தால் அழைத்துக் குறி கேட்பதை. நீ யாரையும் அழைக்கவில்லை. உன் வீட்டு அடுப்படிக்குத்தான் போகிறாய். ஆனால் தம்பி, அங்கே நிற்பது உன் தாயார் என்று எண்ணாதே என்றும் சொன்னேன். மரித்தவர்களுக்குச் செய்யவேண்டிய கடமைகளைப் பற்றி அகுஸ்தீனார் முதிய வயதில் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் வருகிறது இந்தச் சம்பவம். அவருடைய பழைய மாணவர் எவுலோகியுஸ், கார்த்தேஜில் ஆசிரியராக இருந்தவர், சிசரோவின் நூலில் ஓரிடம் விளங்காமல் இரவெல்லாம் கவலைப்பட்டார். சொப்பனத்தில் அகுஸ்தீனார் வந்து அதை விளக்கிச் சொன்னார். அகுஸ்தீனாரோ அப்போது கடலுக்கு அப்பால் மிலான் நகரில் இருந்தார். அவருக்கு இதொன்றும் தெரியாது. உயிரோடிருப்பவரின் சாயலே அவர் அறியாமல் பிறர் சொப்பனத்தில் போய்ப் பேசுமானால், மரித்தவரின் சாயலைப் பற்றி என்ன சொல்ல? அதே நூலில் தம் தாயார் அர்ச். மோனிக்கம்மாளைக் குறித்தும் எழுதுகிறார். மரித்தவர்கள் தாங்களே சொப்பனத்தில் வரக்கூடுமானால், என்னோடு வாழ நிலத்திலும் கடலிலும் பின்தொடர்ந்து வந்த என் தாய் ஓர் இரவாவது என்னை விட்டிருக்கமாட்டாளே என்பது அவர் கருத்து. அதை எழுதும்போது மோனிக்கம்மாள் இறந்து முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. அந்த இடத்தில் மட்டும் அந்த மகாசாஸ்திரி மகனாகிவிடுகிறார்.

வாலிபன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கல்லறையில் போய்ச் சொன்னால் பதில் வராதே சுவாமி. அங்கே வரும்" என்றான்.

அந்தப் பதிலையும் நீதானே சொல்லிக்கொள்வாய். உனக்கு நீயே மன்னிப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொள்வதுபோல என்றேன்.

"தெரியும் சுவாமி. தெரிந்தும் கேட்க ஆசையாயிருக்கிறது."

இதற்கு அன்று என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. மரித்தவர்கள் நம் காரியங்களைத் தாங்களாகக் காண்பதில்லை, ஆனால் இங்கிருந்து போகிறவர்களாலும், சம்மனசுகளாலும், சர்வேசுரன் வெளிப்படுத்துவதாலும் அவர்கள் அறியக்கூடும் என்று அதே நூலில் அகுஸ்தீனார் சொல்வதைப் பிற்பாடு அவனுக்குக் காட்டினேன். 'ஆகையால் உன் வார்த்தை போய்ச் சேர வழியிருக்கிறது. பூசையில் ஒப்புக்கொடு' என்றேன். நவம்பர் 2-ந் தேதி, மரித்த விசுவாசிகள் திருநாளில், கல்லறையில் மெழுகுதிரியோடு நின்றான். மணிக்கட்டில் புள்ளியும் இருந்தது. அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இப்போது சும்மா பார்ப்பதில்லை சுவாமி. ரயிலில் ஒரு நிமிஷம் நிஜமாகவே நின்று பார்க்கிறேன், எங்கே இருக்கிறேன், யாருக்கு முன்னால் இருக்கிறேன் என்று" என்றான்.

போன வாரம், விடியற்காலைப் பூசைக்குப்பின் ரயிலுக்குப் போகும் அவசரத்தில் சாக்கிறீஸ்துக்குள் எட்டிப் பார்த்தான். அந்த இரவு தெரிந்துவிட்டதாம். தாயார் அடுப்பண்டை நின்றாராம். அவர் இறந்தவர் என்றும், தான் படுக்கையில் கிடப்பதாகவும் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்ததாம். இரண்டு வருஷமாகத் தயார்செய்து வைத்திருந்த வார்த்தையும் ஞாபகத்தில் இருந்ததாம். தாயார் வழக்கம்போல, "தின்னாவா நாயனா?" என்று கேட்டாராம்.

"சொன்னாயா?" என்றேன்.

"இல்லை சுவாமி. 'தின்னானம்மா' என்றேன். விழிப்பு வந்துவிட்டது."

கையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. இப்போதெல்லாம் அவன் தகப்பனார் சமைக்கிறார். நேரமாயிற்றென்று ஓடினான்.